ஒருவருக்கே இரண்டாவது கருமாதி

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, தோளில் துண்டும் முகத்தில் துயரமுமாக அமர்ந்திருக்கிற புங்கனூரான்பட்டி ஊர்த் தலைவர், நம் அம்பலம், பெரியவர் வயிரவன் அவர்களே! மண்ணை விட்டுப் போனாலும் நம் மனத்தை விட்டுப் போகாத மாவீரர், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஆண்டியப்பன் அவர்களின் அருமை மகள் அன்புச்செல்வி அவர்களே! அண்ணனுக்காக அழுதழுது குரல் கம்மிப்போன தங்கை வெள்ளையம்மாள் அவர்களே! வல்லத்திராக்கோட்டையிலிருந்தும் அக்கம்பக்கத்துப் பட்டிகளிலிருந்தும் பதக்கம் குத்தி வந்திருக்கிற முன்னாள் படைவீரர்களே! பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பங்காளிகளே! பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாமன் மைத்துனர்களே! பெற்று, பேணி, பொறுத்துப் பழகிய தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில், முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிப் போர்த்திக்கொண்டு, காலையிலிருந்து இடத்தை விட்டு எழாமல் அமர்ந்திருக்கிற, ஆண்டியப்பனாரின் மனைவி அமுதவல்லி அம்மாள் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் குளத்தூர் முத்துக்குமாரின் கைகூப்பிய வணக்கம்.

தம்பி ஜெபக்குமார், மைக்கைக் கொஞ்சம் இறக்கப்பா. எனக்கு முன்னால் பேசியவர் ஆறடி. எனக்குக் குரல் மட்டும்தான் ஆறடி. ஆங், போதும்.

அன்பர்களே! இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினேழு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். முந்நூறு படத்திறப்புகளில் பேசியிருப்பேன். எந்த மேடையிலும் எனக்கு நா குழறியதில்லை, நடை தடுமாறியதில்லை, நினைவு தவறியதில்லை. ஆனால் இன்றைக்கு? இன்றைக்கு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யாரைப் பாராட்டுவது என்று தெரிகிறது. எதைச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்பது மட்டும் நன்றாகவே தெரிகிறது.

காரணம், என் சட்டையில் இருக்கிற இரண்டு துண்டுச் சீட்டுகள். மேடையேறும்போது அம்பலம் அவர்கள் ஒரு சீட்டை என் இடது பையில் வைத்தார். ‘வாத்தியாரே, நீங்க சொன்னா அந்தம்மா கேக்கும். எப்படியாச்சும் பேசிச் சம்மதிக்க வைங்க.’ இரண்டு படி ஏறுவதற்குள் மகள் அன்புச்செல்வி வலது பையில் ஒரு சீட்டை வைத்தார். ‘ஐயா, அம்மாவ நெருக்குற மாதிரி ஒரு வார்த்தையும் பேசிராதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.’ இடது பைக்கு நான் விசுவாசமாக இருப்பதா? வலது பைக்கு விசுவாசமாக இருப்பதா? நடுவில் இருக்கிற நெஞ்சுக்கு விசுவாசமாக இருக்கலாம் என்றால், அதற்கும் ஒன்றும் விளங்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள் முழிக்கிறீர்கள். சொல்கிறேன். இன்றைக்குப் பதினாறாம் நாள். காலையில் ஊரணிக் கரையில் மொட்டை அடித்தாயிற்று, பிண்டம் வைத்தாயிற்று, பேரன் சூர்யபிரகாஷ் தலை முழுகி எழுந்தாயிற்று. கடைசியாக ஒன்று பாக்கி. நாத்தனார் முன்னே வந்து, அண்ணியின் கழுத்திலிருந்து தாலியை இறக்க வேண்டும். அது இந்த ஊர் வழக்கம். அமுதவல்லி அம்மாள் எழுந்திருக்கவில்லை. ‘ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

சோறு வடித்து இறக்கியாயிற்று. இலை நறுக்கி அடுக்கியாயிற்று. ஆனால் அந்தச் சடங்கு முடியாமல் ஊர் இலையில் உட்காராது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கருமாதிச் சோற்றில் ஊர் கை நனைக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு என்ன பொருள் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் யார் வருவார்கள்? ஆக, நான் பேசி முடிப்பதற்குள் இதற்கு ஒரு முடிவு வந்தாக வேண்டும். அதற்காகத்தான் நான் நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன், வேறொன்றுமில்லை.

அந்த அம்மாள் சொன்ன வார்த்தை விளங்க வேண்டுமானால் ஆண்டியப்பனாரின் வாழ்க்கை விளங்க வேண்டும். அதுவோ, ஐயா, கேட்கக் கேட்கக் குழப்பம்! அதோ அந்த பிளெக்ஸைப் பாருங்கள். ‘தோற்றம் 1944, மறைவு 2025’ என்று பேரன் அச்சடித்திருக்கிறான். கணக்கு சரி. எண்பத்தொரு வயது. ஆனால் போன ஆடி மாதம், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, ‘ஐயா, உங்களுக்கு எண்பது இருக்குமா?’ என்று கேட்டேன். மீசையை நீவிக்கொண்டு சொன்னார்: ‘என்ன வாத்தியாரே, எனக்கு அம்பத்திரெண்டுதான் நடக்குது. வேணும்னா அம்பலத்தக் கேளுங்க. அவுக அப்பாதான் என்னையப் பொறக்க வச்சாரு.’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சொந்த மகளை ‘அக்கா’ என்று கூப்பிட்ட தகப்பனை இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? அன்புச்செல்வி, உண்மைதானே? தலையாட்டுகிறார். ‘அக்கா, அந்த மூக்குக் கண்ணாடிய எடு. அக்கா, அம்மா சாப்பிட்டுச்சா பாரு.’ நான் முதன்முதலில் கேட்டபோது மனுஷருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, டிசம்பர். எல்லையிலே போர். எரிகிற பீரங்கி, இரைகிற விமானம், இடிகிற பதுங்குகுழி. அங்கே இருபத்தேழு வயது ஆண்டியப்பன். இங்கே இருபத்தொரு வயது அமுதவல்லி, இடுப்பிலே ஒன்பது மாதக் குழந்தை. தந்தி வந்தது. ஆண்டியப்பனைக் காணவில்லை என்று வந்தது. இறந்தார் என்று வரவில்லை, இருக்கிறார் என்றும் வரவில்லை. பொங்கல் போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. கடிதமும் இல்லை, காரியமும் இல்லை. அவர் அங்கிருந்து எழுதிய கடிதம் எங்கே நின்றுபோனது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

இந்த வீட்டிலோ ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றது. தங்கை வெள்ளையம்மாளுக்கு அப்போது வயது பத்தொன்பது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். ‘அண்ணன் இருக்காரா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டுங்கெட்டானா இருக்குற வீட்டுல நாங்க பொண்ணெடுக்க மாட்டோம்.’ ஊர் கூடியது. அன்றைய அம்பலம், நம் தலைவரின் தந்தையார், மூன்று நாள் யோசித்தார். கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். கடைசியில், ஆவணி மாதத்தில், ஆண்டியப்பன் இறந்துவிட்டதாக முடிவு செய்தார்கள். உடல் இல்லை. பெட்டியில் கிடந்த ஒரு பழைய காக்கிச் சட்டைக்குக் கொள்ளி வைத்தார்கள். பதினாறாம் நாள் அமுதவல்லியின் தாலியை இறக்கினார்கள். ஐப்பசியில் வெள்ளையம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது.

மார்கழி மாதம். ஒருநாள் காலை பத்து மணி பஸ்ஸிலிருந்து, தோளிலே மூட்டையும் முகத்திலே தாடியுமாக ஒருவர் இறங்கினார். யார்? ஆண்டியப்பன்! கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஓராண்டு சிறையிருந்து, கைதிகளை மாற்றிக்கொண்டபோது விடுதலையாகி, ரயிலேறி வந்திருக்கிறார். எதிரி நாடு விட்டுவிட்டது. சொந்த ஊர் விடவில்லை! எல்லைக்கல்லிலேயே நிறுத்திவிட்டார்கள். ‘ஏப்பா, ஒனக்குக் கருமாதி முடிஞ்சுபோச்சு. நாங்கதான் மொட்டையடிச்சோம். இப்ப நீ யாருன்னு ஊருக்குள்ள வருவ?’

வழக்கத்துக்கு வழி உண்டு, ஐயா. செத்தவன் திரும்பினால் மறுபடி பிறக்க வேண்டும். எனவே இருபத்தெட்டு வயதுப் பட்டாளத்தாரை ஊரணியில் மூன்று முழுக்குப் போட வைத்து, புதுத் துணியில் சுற்றி, பிறந்த பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி முறத்தில் உட்கார வைத்தார்கள். முறம் உடைந்துவிட்டது. அத்தை வந்து நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தார். ‘அத்தே, சொட்டுச் சொட்டா வைக்காத, டம்ளரோட குடு. ரெண்டு நாளா ரயில்ல வெறும் பன்னுதான்’ என்றிருக்கிறார் இந்தக் கைக்குழந்தை. அடுத்து தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மாமனோ நோஞ்சான். ‘அடேய், தொடை ஒடியுதுடா, வெரசாக் குத்துங்கடா’ என்று அவர் அலறினாராம். பெயரையும் மாற்ற வேண்டும் என்றார் பூசாரி. ‘எதை வேணும்னாலும் மாத்துங்க, பேரை மாத்துனா ரெக்கார்டுல ஒதைக்கும்’ என்று மறுத்துவிட்டார். ஆகவே அதே பெயர்.

சரி, பிறந்தாயிற்று. வீட்டுக்குப் போகலாமா? எப்படிப் போவது? அந்த வீட்டில் இருப்பவர் கணவனை இழந்த பெண். இவரோ இன்னும் கல்யாணமாகாத பிள்ளை. மறுபடி தாலி கட்டித்தானே ஆக வேண்டும்? மார்கழியில் முகூர்த்தம் ஏது? தை பிறக்கும்வரை ஊர்ச் சாவடியில் தங்கச் சொன்னார்கள். எண்ணிப் பாருங்கள், தாய்மார்களே! எல்லை தாண்டி வந்தவருக்கு இரண்டு தெரு தாண்ட அனுமதி இல்லை. சிறையை வென்று வந்தவர் சாவடியில் சிறை. பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டார் தூக்கி வந்து காட்டினார்கள். கட்டிய மனைவியைக் காட்ட ஆளில்லை.

ஆனால் அமுதவல்லி சும்மா இருக்கவில்லை. தண்ணீருக்கு நேர்வழி இருக்க, சாவடியைச் சுற்றிக்கொண்டு போகிற வழியில் நடந்தார். நின்றதில்லை, நிமிர்ந்து பார்த்ததில்லை. இவர் இருமுவார், அவ்வளவுதான். இதை என்னிடம் சொல்லும்போது ஆண்டியப்பனாருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ‘ரெண்டு கொடம் போதுற வீட்டுக்கு, வாத்தியாரே, ஒரு நாளைக்குப் பதினோரு கொடம் எடுத்துச்சு இந்தக் கழுத.’ அம்மா, மன்னியுங்கள். அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

தை மாதம் முதல் முகூர்த்தத்தில், அய்யனார் கோயிலில், சொந்த மனைவிக்கே மறுபடி மாலையிட்டார் ஆண்டியப்பன். மகள் பாயசம் குடித்தாள். தாய் தகப்பன் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை! அதனால்தான் ‘அக்கா’. அவர் மறுபடி பிறந்தபோது மகளுக்கு வயது ஒன்றே முக்கால்.

என்ன? அங்கே யாரோ கை காட்டுகிறார்கள். ‘வெசயத்துக்கு வாங்க ஐயா, வயிறு காயுது’ என்கிறார். வந்துவிட்டேன், வந்துவிட்டேன். நானும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடுதான் நிற்கிறேன்.

மறுபடி படைக்குப் போய் எண்பதாம் ஆண்டு ஓய்வு பெற்று வந்தார். கடலை விதைத்தார், கிணறு வெட்டினார். அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். செல்போன் வராத காலத்தில், அவர் புதுக்கோட்டைக்குப் போய்த் திரும்ப நேரமானால், நம் ஊர்ப் பக்கம் கிளம்புகிற பஸ் கண்டக்டரிடம் போவார். ‘தம்பி, புங்கனூரான்பட்டி ஸ்டாப்புல ஒரு பொம்பள நிக்கும். இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.’ புதுக் கண்டக்டர் குழம்பிப்போய், ‘யாரு? எங்க இருக்காரு?’ என்று கேட்பார். ‘அதெல்லாம் வேணாம் தம்பி. இருக்காரு. அது போதும்.’ உரம் வாங்கப் போனாலும் அதுதான். திருமயத்துக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் அதுதான். ஒரு தந்தி அந்தப் பெண்ணை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்று வந்தபிறகு நாற்பத்தைந்து ஆண்டுகள், ஒரு மாலைப் பொழுதுகூட அவர் இருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகத்தில் மனைவியை அவர் விடவில்லை. இதைவிடப் பெரிய பதக்கத்தை எந்தப் படையில் கொடுக்கிறார்கள்?

இப்போது இடது பைக்கு வருகிறேன். அம்பலம் அவர்கள் பொல்லாதவர் அல்ல. காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ‘எங்க ஆத்தாவுக்கும் நடந்துச்சு வாத்தியாரே. எங்க அக்காவுக்கு முப்பது வயசுல நடந்துச்சு. அப்ப அழுதுகிட்டுத்தான் நின்னேன். இதை மட்டும் விட்டுட்டா, அவுகளுக்கு எதுக்குச் செஞ்சோம்னு என்னையக் கேக்க மாட்டாங்களா?’ கேட்பார்கள்தான். என் தாயாருக்கும் இது நடந்தது. நான் வாசலில் நின்றேன். சரியா தப்பா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். ஒருவருக்கு இரண்டு கருமாதி செய்ய வழக்கம் உண்டா? அன்றைக்குச் செய்தது செல்லும் என்றால் இன்றைக்குச் செய்வது எதற்கு? அன்றைக்குச் செய்தது செல்லாது என்றால் முறத்தில் உட்கார வைத்தது எதற்கு? அவர் புதிதாகப் பிறந்தவர் என்றால், புதிதாக இறந்தவர்தானே? அப்படியானால் சடங்கு உண்டுதானே? ஐயோ, நான் எந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறேன்?

அம்மா… அமுதவல்லி அம்மாள் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் அம்மா, நான் தவறாக ஏதும்… இல்லை, பேச வேண்டும் என்கிறார். அமைதி! அந்தப் பக்கம் அமைதி! ஜெபக்குமார், மைக் வயர் எட்டாதா? எட்டாதாம். சரி, நான் அருகே குனிந்து கேட்டு, அம்மா சொல்வதை அப்படியே சொல்கிறேன். என் சொல் ஒன்றும் சேர்க்க மாட்டேன்.

அம்மா சொல்கிறார்: ‘அன்னைக்கிக் கழட்டச் சொன்னப்ப எனக்கு மனசு ஒப்பல. இருக்காருன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. ஆனா இந்தப் புள்ள கல்யாணம் நிக்குதேன்னு வெள்ளையம்மா மூஞ்சியப் பாத்தேன். கழுத்த நீட்டிட்டேன்.’

கேட்டீர்களா? இன்னும் சொல்கிறார்.

‘அந்த மூணு மாசமும் அவரு உசுரோட இருந்திருக்காரு. அங்கிட்டுக் கம்பிக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னைய நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. இங்கிட்டு நான் வெறுங்கழுத்தா நின்னேன். வந்த மனுசன் ஏன் கழட்டுனன்னு ஒரு வார்த்தை கேக்கல. சாகுற வரைக்கும் கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.’

சற்றுப் பொறுங்கள். தண்ணீர் கொடுங்கள். ம்… சொல்லுங்கள் அம்மா.

‘உசுரோட இருந்தப்பக் கழட்டிட்டேன் அம்பலம். இப்ப அவரு இல்ல. இல்லாதப்பவாச்சும் இது இருந்துட்டுப் போகட்டும்.’

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அன்பர்களே, நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் மேடையில் கத்தியிருக்கிறேன். அந்த மூச்சையெல்லாம் மிச்சம் பிடித்திருக்கலாம். தலைவர் அவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. நாத்தனார் என்ன சொல்றாங்க, கேளுங்க என்கிறார். முறைப்படி அவர்தானே இறக்க வேண்டும்? வெள்ளையம்மாள் அவர்களே…

எழுந்துவிட்டார். அவருக்கு மைக் வேண்டாம், அழுது கம்மிய குரலிலும் பந்தலே அதிர்கிறது. ‘நான் தொட மாட்டேன்! அன்னைக்கி இந்தக் கையிதான் தொட்டுச்சு. எங் கழுத்துல ஏறணும்னு எங்கண்ணி கழுத்துலேருந்து எறக்குனேன். அம்பத்து மூணு வருசமா அண்ணி மூஞ்சிய நேராப் பாக்க முடியல எனக்கு. எலையப் போடச் சொல்லுங்க. ஊரு உக்காரலேன்னா நானும் எங்கண்ணியும் ரெண்டு பேருமா உக்காந்து அம்புட்டுச் சோத்தையும் திங்கிறோம்!’

ஐயா, நடந்துபோகிறார். அண்ணியின் கையைப் பிடித்துவிட்டார். அமுதவல்லி அம்மாள் அவர் தோளில் சாய்ந்து அழுகிறார். பதினாறு நாளாக அழாதவர் இப்போதுதான் அழுகிறார். அழட்டும். யாரும் தடுக்காதீர்கள்.

தலைவர் எழுந்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார். அமைதி, அமைதி! அம்பலம் அவர்கள் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்: ‘வாத்தியாரே, பேச்ச முடிங்க. எலை காயுது. எல்லாரும் சாப்புடுவோம்.’

முடிக்கிறேன், தலைவர் அவர்களே. என் குழப்பம் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. வழக்கம் வளைந்ததா, வாழ்ந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் தீராத குழப்பத்தோடு இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு மேடையை விட்டு இறங்கியதில்லை. படத்தைத் திறக்க மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அவர் இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். அமுதவல்லி அம்மாள் அவர்களே, மேடைக்கு வாருங்கள். வெள்ளையம்மாள், கையை விடாமல் அப்படியே அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டுக்காரரின் படத்தை மூடியிருக்கிற துணியை நீங்களே விலக்குங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பசியோடு கேட்ட பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டவர்க்கும், பந்தி பரிமாறப் போகிறவர்க்கும் என் நன்றி. ஹவில்தார் ஆண்டியப்பனாருக்கு என் வீரவணக்கம். எல்லோருக்கும் வணக்கம்.